சினகாக் என்றால் என்ன? ஒரு பேழை, ஒரு மேடை, ஊருக்கு ஒரு முகம்

கொல்கத்தாவில் மாகென் டேவிட் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1884இல் கட்டியது, செங்கல் சுவர், உச்சியில் கூம்புக் கோபுரம், தெருவில் போகிற யாரும் சர்ச் என்றுதான் நினைப்பார்கள். புனேயில் 1867இல் கட்டி முடித்த ஓகேல் டேவிட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் லால் தேவள், அதாவது சிவப்புக் கோவில். மும்பையில் 1796இல் எழுந்த ஷார் ஹரகமீம் கட்டடத்தை அங்குள்ள பெனே இஸ்ரேல் யூதர்களே மசூதி என்று சொல்லிப் பழகியவர்கள். பக்கத்தில் இருக்கும் மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்பார்கள்.

மூன்றுமே சினகாக். யூதர்கள் கூடி வேதம் படிக்கும், தொழும் இடம். ஒன்றைச் சர்ச் என்றும் ஒன்றைக் கோவில் என்றும் ஒன்றை மசூதி என்றும் சொன்னதற்கு ஊர்க்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் சினகாக் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று எங்குமே ஒரே மாதிரியான இலக்கணம் கிடையாது. உள்ளே இருக்கும் இரண்டே இரண்டு பொருள்கள்தான் முக்கியம். அந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் பிராகில் இருந்தாலும் கொச்சியில் இருந்தாலும் எந்தச் சினகாக்கையும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

கோவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது

நம்மவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில். யூத மதத்தின் மைய வழிபாட்டுக்குக் கோவில் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது எருசலேமில். பலிபீடம், தூபம், பரம்பரைக் குருமார்கள், தலைமைக் குரு மட்டும் ஆண்டில் ஒரே ஒரு நாள் நுழையும் கருவறை, எல்லாம் அங்கே இருந்தன. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர்கள் அதை இடித்தார்கள். திரும்பக் கட்டியதை கி.பி. 70இல் ரோமானியப் படை எரித்தது. அதற்கப்புறம் கோவிலும் இல்லை, பலியும் இல்லை.

சினகாக் அந்தக் கோவிலின் கிளை இல்லை. அதன் வேலையே வேறு. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் பாரதம் படிப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்: பந்தலில் ஒருவர் ஏட்டை வைத்துக்கொண்டு வாசிக்கிறார், விளக்கம் சொல்கிறார், ஊர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. கருவறையில் நடக்கும் பூசை வேறு, பந்தலில் நடக்கும் படிப்பு வேறு. சினகாக் அந்தப் படிப்புப் பந்தலிலிருந்து வளர்ந்தது. பிறகு கருவறையே இல்லாமல் போனபோது தொழுகையும் முழுதாக இங்கே வந்து சேர்ந்தது.

இதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. எருசலேமில் 1913இல் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது, கி.பி. 70க்கு முந்தையது என்றுதான் பெரும்பாலானவர்கள் கணிக்கிறார்கள். தியோடோடோஸ் என்பவர் ஒரு சினகாக் கட்டியதாகச் சொல்கிறது. அவரே குருமார் மரபைச் சேர்ந்தவர், அவருடைய அப்பாவும் தாத்தாவும் அவரைப் போலவே சினகாக் தலைவர்கள். எதற்காகக் கட்டினாராம்? வேதம் வாசிக்க, கட்டளைகளைக் கற்பிக்க, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க அறை, அவர்களுக்குத் தண்ணீர் வசதி. தொழுகையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. கிட்டத்தட்ட சத்திரமும் பள்ளிக்கூடமும் சேர்ந்த இடம். கோலான் குன்றுகளில் உள்ள காம்லாவில் அதே காலத்துச் சினகாக் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. நாலு சுவரையும் ஒட்டிக் கல் படிவரிசை, நடுவில் வெற்றுத் தரை. உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்பதற்கான அமைப்பு.

அதனால்தான் சினகாக்குக்குப் பூசாரி தேவையில்லை. ரபி என்பவர் வேதம் கற்ற ஆசான், அவர் இல்லாமலும் தொழுகை நடக்கும். பத்துப் பேர் இல்லாமல்தான் கூட்டுத் தொழுகை நடக்காது. அந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். மரபுப்படி பதின்மூன்று வயது தாண்டிய ஆண்களை மட்டும் எண்ணுவார்கள், இன்று பல பிரிவுகள் பெண்களையும் எண்ணுகின்றன. கேரளத்தில் கட்டடங்கள் நன்றாக நின்றும் பல சினகாக்குகள் ஓய்ந்துபோனதற்குக் காரணம் இந்த எண்தான். 1948க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள், பத்து சேரவில்லை.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கிவிடுகிறேன். கோவில் எருசலேமில் இருந்தது, போய்விட்டது. சினகாக் வாசிப்புக்கான கூடம். அதை நடத்துவது பத்துப் பேர்.

உள்ளே இருக்கும் இரண்டு பொருள்கள்

முதலாவது, பேழை. சுவரில் பதித்த அல்லது சுவரை ஒட்டி நிற்கும் ஓர் அலமாரி, முன்னால் பெரும்பாலும் ஒரு திரை. உள்ளே சிலை எதுவும் இல்லை. தோராச் சுருள்கள் இருக்கும். தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள், பதப்படுத்திய தோலில் கையால் எழுதியது. 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து பிழையானாலும் திருத்தும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கப் பயன்படுத்தக் கூடாது. வாசிக்கும்போது தோலை விரலால் தொடுவதில்லை. நுனியில் சின்னக் கை செதுக்கிய ஒரு கோலால் வரியைச் சுட்டிக்கொண்டு போவார்கள். பழசாகிப் போன சுருளைத் தூக்கிப் போடவும் முடியாது, மரியாதையோடு புதைக்க வேண்டும், அதுவரை ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். அந்த அறைக்குக் கெனீசா என்று பெயர். கெய்ரோவின் பென் எஸ்ரா சினகாக்கின் கெனீசாவில் பல நூற்றாண்டுத் தாள்கள் அப்படியே குவிந்து கிடந்தன, 1896-97இல் அதில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜுக்குப் போனது; வேதத் தாள்களோடு 12ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் வியாபாரம் செய்த யூதர்களின் கடிதங்களும் அதில் இருந்தன என்பது நமக்கு உபரி லாபம்.

இரண்டாவது, பிமா. சுருளை விரித்து வாசிக்கும் மேடை. நம் பீமனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மேடை மேல் ஒரு சாய்வு மேசை, சுற்றிக் கைப்பிடி. திங்கள், வியாழன், சனி மூன்று நாளும் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து ஊர்வலமாகக் கொண்டுவந்து இங்கே வைத்து வாசிப்பார்கள்.

மற்றவை எல்லாம் துணை: பேழைக்கு முன்னால் அணையாமல் எரியும் ஒரு விளக்கு, மரபான சினகாக்குகளில் பெண்களுக்குத் தனி மாடம் அல்லது தட்டி.

எந்தத் திசை?

தொழும்போது முகம் எருசலேமை நோக்கி இருக்க வேண்டும், பேழையும் அந்தப் பக்கச் சுவரில்தான். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது கிழக்கு. 'யூதர்கள் கிழக்கு பார்த்துத் தொழுவார்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். கொச்சியில் பேழை இருப்பது மேற்குச் சுவரில். திசை ஊரைப் பொறுத்தது.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் இது கட்டடமாகவே மாறியிருக்கிறது. கோட்ஃப்ரீட் செம்பர் வடிவமைத்து 1840இல் திறந்த சினகாக் அங்கே இருந்தது, 1938 நவம்பரில் நாஜிகள் எரித்தார்கள். 2001இல் அதே இடத்தில் புதியது எழுந்தது. மனை ஒரு கோணத்தில் கிடக்கிறது, கிழக்கு வேறு கோணத்தில். கட்டடக் கலைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கல் வரிசைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனார்கள். அடியில் மனையை ஒட்டி நிற்கும் கனசதுரம் உச்சிக்குப் போவதற்குள் கிழக்கைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது.

பேழைக்கும் பிமாவுக்கும் நடக்கும் இழுபறி

கட்டடக்கலைக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஆனால் சுற்றுலாக் கட்டுரைகள் சரவிளக்கையும் ஓடுகளையும் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

தொழுகைக்கு எல்லோரும் பேழைப் பக்கம் திரும்ப வேண்டும், அது ஒரு கோடிச் சுவரில் இருக்கிறது. வாசிப்பு எல்லோர் காதிலும் விழ வேண்டும், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதற்கு மேடை நடுவில் இருப்பதுதான் நல்லது. ஆக ஒரே கூடத்துக்கு இரண்டு மையங்கள். முகம் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். கிறிஸ்தவத் தேவாலயத்திலோ மசூதியிலோ இந்தப் பிரச்சினை இந்த அளவுக்குக் கிடையாது.

நடு ஐரோப்பிய யூதர்கள் பிமாவை நட்டநடுவில் வைத்தார்கள். பிராகின் பழைய-புதிய சினகாக், 1270 வாக்கில் கட்டியது, ஐரோப்பாவில் இன்றும் தொழுகை நடப்பவற்றில் மிகப் பழையது. கூடத்தின் நடுக்கோட்டில் இரண்டு எண்கோணத் தூண்கள், இடையில் பிமா. போலந்தில் ஒரு படி மேலே போனார்கள். வான்சுட் என்ற ஊரின் 18ஆம் நூற்றாண்டுச் சினகாக்கில் பிமாவின் நாலு மூலைத் தூண்களே மேலே போய்க் கூரையைத் தாங்குகின்றன. வாசிப்பு மேடையை எடுத்தால் கட்டடமே இறங்கிவிடும், இதைவிட வெளிப்படையாக எதைத்தான் சொல்ல முடியும்!

ஸ்பானிய, போர்த்துகீசிய யூதர்களும் இத்தாலியர்களும் வேறு வழி கண்டார்கள். பேழை ஒரு கோடியில், பிமா எதிர்க்கோடியில் அல்லது அதை ஒட்டி. மக்கள் இரண்டு பக்கமும் நீளவாக்கில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, தொழுகைக்கு இப்படியும் வாசிப்புக்கு அப்படியும் திரும்பிக்கொள்வார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1675இல் திறந்த போர்த்துகீசியச் சினகாக் அப்படித்தான். இன்றும் உள்ளே மின்விளக்கு கிடையாது, சுமார் ஆயிரம் மெழுகுவர்த்திகள்தான். பலகைத் தரையில் மணல் தூவியிருப்பார்கள், காலடிச் சத்தமும் செருப்பு அழுக்கும் அடங்க. அங்கிருந்து கரீபியனுக்குப் போனவர்கள் குராசாவ் தீவின் 1732ஆம் ஆண்டுச் சினகாக்கிலும் மணல் போட்டார்கள், ஆனால் அங்கே அதற்குச் சொல்லும் கதைகள் வேறு: பாலைவனத்தில் அலைந்த நினைவு என்பார்கள், கத்தோலிக்க மத விசாரணைக் காலத்தில் ஸ்பெயினில் ஒளிந்து தொழுதபோது சத்தம் கேட்காமல் இருக்க மணல் போட்ட பழக்கம் என்பார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சீர்திருத்த இயக்கம் வந்தது. 1810இல் சேசென் என்ற சிற்றூரில் தொடங்கி, பிமா மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து பேழையோடு ஒட்டிக்கொண்டது. இருக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்த வரிசைகள் ஆயின, ஆர்கன் இசைக்கருவியும் வந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் இருந்த வாசிப்பு மேடைக்குப் போனால் கூட்டம் உங்களைச் சுற்றி இருக்கும். முன்மேடையில் ஏறினால் கூட்டம் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கும். என் கணக்கில் இது வெறும் தட்டுமுட்டு நகர்த்தல் இல்லை. அந்தக் காலத்து ரபிகளுக்கும் இது தெரிந்திருந்தது: 1865இல் நாகிமிகாய் என்ற ஊரில் கூடிய ஹங்கேரிய மரபுவாத ரபிகள், பிமா நடுவில் இல்லாத சினகாக்குக்குள் காலே வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

சுருக்கமாக: பேழை சுவரில், பிமா நடுவிலா, எதிர்க்கோடியிலா, முன்னாலா? இதைப் பார்த்தாலே அந்தச் சமூகம் எந்த மரபு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படமே கூடாதா?

யூதர்கள் உருவம் வரையமாட்டார்கள் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பத்துக் கட்டளைகளில் ஒன்று வணங்குவதற்கு உருவம் செய்யாதே என்கிறது, உண்மை. ஆனால் அதை எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்வது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சிரியாவில் யூப்ரடிஸ் கரையில் டூரா-யூரோபஸ் என்று ஒரு ரோமானியக் காவல் நகரம். 256 வாக்கில் பாரசீகத்தின் சாசானியப் படை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த மதிலை ஒட்டிய கட்டடங்களை மண் போட்டு நிரப்பினார்கள். அதில் ஒன்று சினகாக். நகரம் விழுந்தது, மண் அப்படியே இருந்தது, 1932இல் தோண்டியபோது சுவர் முழுக்க ஓவியம். கூரை ஓட்டில் இருந்த எழுத்து 244-45 என்று ஆண்டைக் காட்டியது. நைல் நதியில் குழந்தை மோசேயைத் தூக்கும் பெண், எசேக்கியேல் கண்ட எலும்புப் பள்ளத்தாக்கில் உயிர்த்தெழும் மனிதர்கள், மேலிருந்து நீளும் கடவுளின் கை. சுவரைக் காப்பாற்ற மண்ணைப் போட்டவர்கள் காப்பாற்றியது ஓவியத்தைத்தான். இப்போது அவை டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பேத் ஆல்ஃபாவின் தரை எனக்கு இன்னும் பிடிக்கும். இஸ்ரேலின் வடக்கே ஒரு கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணையில் 1928 கடைசியில் வாய்க்கால் வெட்டியவர்கள் மண்வெட்டியில் தட்டுப்பட்டது, 6ஆம் நூற்றாண்டுச் சினகாக்கின் சில்லுக்கல் தரை. நடுவில் பன்னிரண்டு ராசிகளும் வட்டமாக. வட்டத்தின் மையத்தில் நாலு குதிரைத் தேரில் சூரியன், கிரேக்கர்களின் ஹீலியோஸ் மாதிரியே. மூலைகளில் நாலு பருவங்கள், அதுவும் ராசிகளோடு பொருந்தாமல் தப்பான மூலைகளில். வாசல் பக்கம் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியோடு நிற்கும் ஆபிரகாம், மரத்தில் கட்டிய ஆடு. கோடுகள் குழந்தை வரைந்ததுபோல இருக்கும், எல்லா முகத்திலும் முழித்த கண். செய்தவர்கள் மரியானோஸும் அவர் மகன் ஹனினாவும் என்று தரையிலேயே கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. சூரியத் தேர் சினகாக்கில் எதற்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நாட்காட்டி என்கிறார்கள், கடவுளின் ஆட்சிக்கு அடையாளம் என்கிறார்கள், அக்கால வழக்கமான அலங்காரம் என்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டு கழித்தும் ராசிகள் போகவில்லை. போலந்துப் பகுதியின் மரச் சினகாக்குகளில் அவை கூரைக்கு ஏறின. இன்றைய உக்ரைனில் இருக்கும் குவோஷ்ட்ஜியெட்ஸ் என்ற ஊரில் இருந்த சினகாக்கின் உட்கூரை முழுக்க விலங்குகள், கொடிகள், எபிரேய எழுத்து, பன்னிரண்டு ராசிகள். இரண்டாம் உலகப் போரில் போலந்தின் மரச் சினகாக்குகளை நாஜிகள் எரித்துத் தீர்த்தார்கள், முன்பே எடுத்துவைத்த அளவுகளும் படங்களும்தான் மிஞ்சின. அவற்றை வைத்து, பழைய கைக்கருவிகளைக் கொண்டே அந்தக் கூரையைத் திரும்பச் செய்து வார்சாவின் போலின் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

வெளித்தோற்றம் ஊர்க்காரருடையது

ஐரோப்பாவின் பல நகரங்களில் யூதர்களுக்குக் கைவினைஞர் சங்கங்களில் இடமில்லை, அதனால் கட்டியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் கொத்தனார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கட்டினார்கள். பிராகில் கோதிக், அதாவது அக்காலத்து சர்ச்சுகளின் கூர்வளைவுப் பாணி. அந்த வளைகூரையைத் தாங்கும் கல் விலாக்கள் நாலுக்குப் பதில் ஐந்து இருக்கும், சிலுவை வடிவம் வரக்கூடாது என்று ஒன்றைச் சேர்த்தார்கள் என்பது வழிகாட்டிகளின் கதை, எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்பதில்லை. ஸ்பெயினின் டொலேடோவில் அரசர் பேட்ரோவின் கருவூலர் சாமுவேல் ஹலேவி 1350களில் கட்டியதோ இஸ்லாமியச் சுதை வேலைப்பாடு, அதற்குள் எபிரேய வேதத்தின் சங்கீத வரிகள். சீனாவின் கைஃபெங்கில் 1163இல் எழுந்த சினகாக் முற்றத்துக்குள் முற்றமாகச் சீனக் கோவிலைப் போலவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைந்துவிட்டது. வெனிஸில் 1516இல் யூதர்களை ஒரு தீவுக்குள் அடைத்தபோது அவர்கள் குடியிருப்புகளின் மேல்தளத்தில் சினகாக் அமைத்தார்கள், வெளியே தெரிவதெல்லாம் ஒரே வரிசையில் ஐந்து வளைவுச் சன்னல்கள்தான்.

19ஆம் நூற்றாண்டில் யூதர்களுக்குக் குடியுரிமை கிடைக்கத் தொடங்கியதும் ஒளிய வேண்டிய தேவை போயிற்று, ஆனால் எந்தப் பாணியில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. கோதிக் என்றால் சர்ச். ஆகவே பலர் கிழக்கத்திய வளைவுகளையும் குமிழ்களையும் எடுத்தார்கள், மூரிஷ் பாணி என்பது அதுதான். புடாபெஸ்டின் டோகானி தெருச் சினகாக், 1859, சுமார் மூவாயிரம் இருக்கை, ஐரோப்பாவிலேயே பெரியது. பெர்லினின் புதிய சினகாக், 1866. 1938 நவம்பர் இரவில் பெர்லின் கட்டடத்துக்குத் தீ வைத்தவர்களை ஒரு காவல்துறை அதிகாரி விரட்டி, தீயை அணைக்க வைத்தார். பிறகு 1943 குண்டுவீச்சில் சிதைந்தது.

ஆறுமுனை நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பழைய சினகாக்குகளின் அடையாளம் இல்லை. கலிலேயாவில் உள்ள கப்பர்நகூமின் பழைய சினகாக்கில் மற்ற அலங்காரங்களோடு ஒன்றாகச் செதுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். பழங்காலத்தில் யூத அடையாளம் என்றால் மெனோரா, ஏழு கிளை விளக்கு. நட்சத்திரம் எல்லாக் கட்டடங்களிலும் ஏறியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால்

கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக், 1568. போர்த்துகீசியர் சேதப்படுத்தியதை 1660களில் டச்சுக்காரர் வந்தபின் சீர்செய்தார்கள். மணிக்கூண்டு 1760 வாக்கில் வந்தது. தரையில் 18ஆம் நூற்றாண்டுச் சீன நீல ஓடுகள், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தலையைத் தூக்கி மாடத்தைப் பாருங்கள். கீழே நடுவில் பித்தளைக் கைப்பிடியோடு ஒரு பிமா இருக்கிறது அல்லவா, மாடத்தில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவது பிமா ஒன்று உண்டு. சனிக்கிழமை ஓய்வுநாளிலும் திருநாளிலும் அங்கே போய் வாசித்தார்கள். இது கேரளச் சினகாக்குகளுக்கே உரிய அமைப்பு, ஏன் வந்தது என்பதற்கு ஒத்துக்கொண்ட பதில் கிடையாது. சேந்தமங்கலத்திலும் பறவூரிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம், இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள், பறவூர் நிதானமாகப் பார்க்க இன்னும் நல்லது.

இந்தச் சமூகத்திடம் கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவி கொடுத்த செப்பேடு ஒன்று இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதியது, பெறுகிறவர் பெயர் இஸ்ஸுப்பு இரப்பான், யோசேப்பு ரப்பான் என்று இன்று சொல்கிறோம். பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று அதில் வரும் உரிமைகளைத் தமிழ் வாசகர் அகராதி இல்லாமலே படித்துக்கொண்டு போகலாம்.

பரதேசி சினகாக் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் யூதத் திருநாள்களிலும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும், வார இறுதியில் கிளம்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.